ஏசாவின் பசி

2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வடபகுதிக் கரையோரக் கிராமமொன்றின் சிறிய தேவாலயத்திலே ஒரு பிரசங்கத்தைக் கேட்டேன். அரிசியும் மாவும் சாதாரண மக்களின் கைக்கெட்டாத பொருள்களாகிவிட்ட காலம் அது. அதற்கு முந்திய மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியிருந்தது. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டபின் அக்கிராமத்துப் படகுகளிற் பாதி கரையிலேயே கிடந்தன. தேவாலயத்தின் வாங்குகளுஞ் சில வெறுமையாயிருந்தன. காரணத்தை எல்லோரும் அறிவர். கிராமத்தின் மறுகோடியிலே புதிதாகத் தோன்றியிருந்த வேறொரு சபை, தன் ஆராதனைக்கு வருவோருக்கு அரிசி, பருப்பு, சீனி, பால்மா அடங்கிய உலருணவுப் பொதிகளை வழங்கிவந்தது. ஏழெட்டுக் குடும்பங்கள் அங்கே போய்விட்டன.

போதகர் அன்று ஏசாவின் கதையை எடுத்துக்கொண்டார். கதையை வாசகர் பலர் அறிந்திருப்பர். ஈசாக்கின் இரட்டைப் புதல்வருள் மூத்தவன் ஏசா, இளையவன் யாக்கோபு. வேட்டைக்குப் போய்க் களைத்து வந்த ஏசா, தம்பி சமைத்துக்கொண்டிருந்த சிவந்த பயற்றங்கூழிற் சிறிது தரும்படி கேட்கிறான். தம்பி அதற்கு விலை கூறுகிறான். மூத்த மகனுக்குரிய உரிமையே விலை. பழைய மொழிபெயர்ப்பு அதனைச் ‘சேஷ்டபுத்திரபாகம்’ என்று வழங்கும். தகப்பன் சொத்தில் இரட்டைப் பங்கும், தலைமுறை தலைமுறையாக வரும் தேவ ஆசீர்வாதமும் அதனுள் அடங்கும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் பொருள். சாகப்போகிற எனக்கு இந்த உரிமையால் என்ன பயன் என்று சொல்லி ஏசா ஆணையிட்டு அதனை விற்றுவிடுகிறான். ஒரு வேளை உணவுக்காகத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றவன் என்று எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் அவனைக் கண்டிக்கின்றது. பொதிக்காகச் சபை மாறுவோர் ஏசாவின் பிள்ளைகள் என்று போதகர் முடித்தார். மூன்றாவது வாங்கில் ஒரு தாய் இருந்தாள். இரண்டு வாரம் அங்கே போய்ப் பொதி வாங்கிவிட்டு, மனங்கேளாமல் அன்று திரும்பி வந்திருந்தவள். அவள் தலை நிமிரவேயில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வேப்பமர நிழலில் நின்ற மூப்பர் ஒருவர், ‘சோற்றுக் கிறிஸ்தவர்கள்’ என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய மக்கள் இருவர் கனடாவில் இருக்கின்றனர்.

அன்றிரவு நான் அந்தக் கதையை மீண்டும் வாசித்தேன். தமிழ் கற்றவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்யுளுக்குப் பொருள் காணுமுன், பேசுபவர் யார், கேட்பவர் யார், நிகழ்ந்த இடம் எது, காலம் எது என்று அவன் தேடுவான். கூற்றும் கேட்போரும் களனும் காலமும் செய்யுளின் உறுப்புக்களாகவே தொல்காப்பியத்தில் வைத்தெண்ணப்பட்டன. அந்தக் கண்ணோடு பார்த்தபோது, பிரசங்கத்தில் வந்த ஏசாவுக்கும் ஆதியாகமத்து ஏசாவுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு புலனாயிற்று.

ஏசா ஏழையல்லன். அவன் பாட்டனாகிய ஆபிரகாம் ஆடும் மாடும் ஒட்டகமும் வெள்ளியும் பொன்னும் வேலைக்காரரும் நிறைந்த பெருஞ்செல்வன். அச்செல்வம் முழுவதும் ஈசாக்குக்கு வந்தது. அத்தகைய வீட்டின் மூத்த மகன், ஒருநாள் வேட்டையிற் களைத்து மாலையில் வருகிறான். அவனுடைய பசி ஒரு மாலைப்பொழுதின் பசி. சிறிது தூரம் நடந்தால் தாயின் கூடாரம் இருக்கும். கேட்டால் வேலைக்காரர் ஒரு நாழிகையில் உணவு சமைத்துக் கொடுப்பர். சாகப்போகிறேன் என்று அவன் சொல்வது, களைத்து வந்த செல்வப்பிள்ளை எவனும் சொல்லக்கூடிய மிகைக்கூற்று. அடுப்பெரிந்து மூன்று நாளானவளின் வாயிலிருந்து வரும்போது அந்தச் சொல்லின் பொருள் வேறு. ஆகவே, வழியில்லாதவனின் கதையாக இதனை வாசிப்பது தவறு. வழியிருந்தும் ஒரு நாழிகை பொறுக்க மாட்டாத ஒருவனைப் பற்றியே அது பேசுகின்றது. அதனை அந்தத் தாயின் தலையிற் சுமத்தியது வியாக்கியானத்திலேயே நேர்ந்த பிழை, அறத்திலும் பிழை.

இன்னுமொன்று. ஏசாவை ஆசிரியர் குறைகூறும் இடம் எது என்பதும் நோக்கற்பாலது. பசித்தான் என்பதற்காக அவர் அவனைக் குறைகூறவில்லை. அவன் உண்டதும் குடித்ததும் எழுந்ததும் தன் வழியே போனதுமாகிய நான்கு செயல்களை விரைவாக அடுக்கிச் சொல்லிய பின்னரே, தன் உரிமையை அவன் அலட்சியம் செய்தான் என்கிறார். விற்றபின் அவனுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. வயிறு நிறைந்தது, போய்விட்டான். மூன்றாவது வாங்கிலிருந்தவளோ உறுத்தலினால் திரும்பி வந்தவள்.

பானையின் அருகில் இருந்தவனைப் பற்றிப் போதகர் ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. ஒரு விற்பனைக்கு விற்பவனும் வாங்குபவனுமாக இருவர் வேண்டுமன்றோ? உடன்பிறந்தவன் களைத்து வந்து நிற்கும்போது ஒரு கலம் கூழுக்கு விலை வைத்தவன் யாக்கோபு. இன்றே விற்றுவிடு, முதலில் ஆணையிடு என்று அவசரப்படுத்தியவனும் அவனே. நாளைக்குப் பேசலாம் என்று சொன்னால் பேரம் குலைந்துவிடும் என்பதை அவன் அறிந்திருந்தான். பசி என்பது ‘இன்று’ என்ற ஒரே காலத்தை மட்டும் அறிந்தது. அந்த இன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவனுடைய நாளைகளையெல்லாம் வாங்கிவிடுவதே எல்லா வட்டிக்கடைகளினதும் இரகசியம். எங்கள் கிராமங்களிலே வாரந்தோறும் ஒரு குறித்த வீட்டு முற்றத்திற் பெண்களைக் கூட்டித் தவணை அறவிடும் நுண்கடன் கம்பனிகள் இதனை நன்கு பயின்றிருக்கின்றன.

‘இன்று’ என்ற சொல்லை இழிவானதாகக் கருதவும் கிறிஸ்தவனால் இயலாது. இயேசு தம் சீடருக்குக் கற்பித்த சிறிய செபத்தில், அன்றன்றைக்கு வேண்டிய அப்பத்தை இன்று தரும்படி ஒரு வேண்டுதல் உண்டு. பாவமன்னிப்புக்கான வேண்டுதல் அதற்குப் பின்னரே வருகிறது. வனாந்தரத்தில் விழுந்த மன்னாவும் அன்றைக்குரிய அளவே சேர்க்கத்தக்கதாயிருந்தது. மிகுதியாக எடுத்து மறுநாளுக்கு வைத்தவனுடையது புழுத்து நாறிற்று. நாளைக்கென்று பதுக்கியவனே அங்கே குற்றவாளி.

வறுமையால் உரிமையை விற்றோரைப் பற்றி வேதாகமம் பேசவில்லையா எனின், பேசுகின்றது. நெகேமியாவின் நூலில் ஐந்தாம் அதிகாரத்தைப் பார்க்க. எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த மக்கள், பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வீடுகளையும் ஈடு வைத்துவிட்டோம், அரசனுக்குரிய வரியைக் கட்டவும் கடன்பட்டோம், எங்கள் பிள்ளைகள் அடிமைகளாகின்றனர் என்று கூக்குரலிடுகின்றனர். முன்னோர் வழிவந்த நிலத்தை ஒரு வேளை உணவுக்கு இழந்த இவர்களன்றோ உண்மையில் ஏசாவின் நிலையில் நின்றவர்கள்? இவர்களுக்கு நெகேமியா பிரசங்கம் செய்யவில்லை. பெருமக்களையும் அதிகாரிகளையும் கூட்டி, சகோதரரிடமே வட்டி வாங்குகிறீர்களே என்று கண்டித்தான். தானும் தன் சுற்றத்தாரும் கடன் கொடுத்தவர்களே என்பதை மறைக்காமற் கூறி, நிலங்களையும் வாங்கிய வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் சொன்னான். ‘அன்றே’ என்ற சொல் இங்கு ஏழையின் பக்கத்தில் வந்து நிற்பதைக் காண்க.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. யாக்கோபின் மகனாகிய யோசேப்பு எகிப்தில் அதிகாரியாயிருந்தபோது நிகழ்ந்த பஞ்சத்தில், தானியத்துக்காக மக்களின் பணம் முதலிற் போயிற்று, பின்னர் கால்நடைகள், அடுத்த ஆண்டில் நிலமும் அவர்களுடைய உடல்களும் பார்வோனுக்குரியவையாயின. விளைச்சலில் ஐந்திலொரு பங்கு அரசனுக்கு என்பது நிலையான சட்டமாயிற்று. நிலத்தை விற்காதிருந்த வகுப்பார் அந்நாட்டில் ஒருவரே, அவர்கள் பூசகர்கள். அரசனின் களஞ்சியத்திலிருந்து அவர்களுக்குப் படியளக்கப்பட்டமையால் விற்கவேண்டிய தேவை ஏற்படவில்லை என்று நூலாசிரியரே காரணங் கூறுகிறார். இந்த வாக்கியத்தின்மீது ஒரு பிரசங்கத்தை இதுவரை நான் கேட்டதில்லை.

எங்கள் மூப்பர் சிரித்த சிரிப்புக்கு யாழ்ப்பாணத்தில் நீண்டதொரு சரித்திரம் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், அவர்களுடைய சீர்திருத்தச் சபையிற் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் எட்டாத கனியாயிற்று. பிறப்பும் விவாகமும் பள்ளித் தோம்பிற் பதியப்பட்டன. பதிவின்றேல் முதுசத்துக்கு உரிமை கோருவது கடினமாகும். தோம்பை எழுதியவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். என் தொழிலைச் செய்த ஒருவர் ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயர் எழுதுவதா வேண்டாமா என்று கேட்க, எதிரே நின்றவர்கள் நெற்றியைக் கழுவிவிட்டு வந்தனர். ஏடுகளின்படி யாழ்ப்பாணம் முழுவதும் கிறிஸ்தவ நாடாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர், கட்டாயம் தளர்ந்தது, சில ஆண்டுகளுக்குள் அந்தக் கிறிஸ்தவர்களிற் பெரும்பாலோர் சைவர்களாகத் தம் கோயில்களுக்குத் திரும்பினர். ஞானஸ்நானம் பெற்றுத் தம் காணியைக் காத்துக்கொண்ட குடியானவர்களைக் கோழைகள் என்பது எளிது. நான் கேட்பது வேறு. ஓர் ஆன்மாவுக்கு ஓர் உத்தியோகம் என்று விலை வைத்துத் தோம்பை நிரப்பிய சபை என்ன செய்தது? இலக்கங்களின் திருப்திக்காகத் தன் சாட்சியை விற்றது அதுவன்றோ? அந்தப் பேரத்தில் ஏசாவும் அதுவே, யாக்கோபும் அதுவே.

அதே காலத்தில் விற்க மறுத்தவர்களும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. கத்தோலிக்க குருமாரை வீட்டில் வைத்திருப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிருந்த அந்நாளில், 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளைச் சில்லாலை மக்கள் தம் நடுவே வைத்துக் காத்தனர். அவர்கள் செல்வரல்லர். ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, உரிமை பற்றிய எண்ணம் இல்லை என்று நம்மவர் சிலர் அனுதாபத்தோடு பேசுவதுண்டு. முற்போக்காளர் வாயிலும் இது வருகின்றது. மூப்பரின் சிரிப்பைப் போலவே இதுவும் ஓர் அவமதிப்பு. பசித்தவனாலும் மறுக்க முடியும். மறுத்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தனர். ஆனால் அந்த மறுப்பு அவர்கள் தாமே மனமுவந்து அளிக்கும் கொடை. நிறைந்த வயிற்றோடு பிரசங்க பீடத்தில் நிற்பவன் அதனை வரியாக அறவிட முடியாது.

நான் இப்படிப் பேசுவதற்கு எனக்குத் தனிப்பட்டதொரு காரணமும் உண்டு. என் குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிசன் வழியாகக் கிறிஸ்தவமானது. 1816இல் வந்த அந்த மிசனார் தம் விடுதிப் பள்ளிகளில் உணவும் உடையும் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தனர். கடல் கடந்த உபகாரிகளின் பெயர்களையே சில பிள்ளைகளுக்கு இட்டனர். 1848இல் கிறிஸ்தவப் பாடசாலைப் பணியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் சொன்ன மறுமொழி, சோற்றையும் கல்வியையும் தந்து சமயத்தை வாங்கும் பேரத்துக்கு எதிரான மறுமொழி. பேரத்தை உடைக்க ஏச்சு மட்டும் போதாது, இன்னொரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கண்டது அவருடைய கூர்மை. அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவும் எல்லாச் சாதியாருக்கும் திறக்கப்படவில்லை என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். என் முன்னோரும் ஒருநாள் சோறும் எழுத்தும் கருதி அந்த விடுதியின் வாசலை மிதித்தவர்களாகவே இருக்கவேண்டும். அவர்களைச் சோற்றுக் கிறிஸ்தவர் என்று அன்று யாரோ சிரித்திருப்பார். அந்தச் சோற்றின் பயனாகவே நான் பல்கலைக்கழகம் சென்றேன். ஆகையால் அந்தச் சிரிப்பிற் பங்குகொள்ள எனக்கு உரிமையில்லை.

இயேசுவும் பசித்திருந்தார். நாற்பது நாள் உபவாசத்தின் இறுதியிற் கற்களை அப்பமாக்கும்படி வந்த சோதனையை அவர் மறுத்தார். இதனையும் பசித்தோருக்கு எதிரான பிரசங்கமாக்குவோர் உளர். ஆனால் மாலையாகிவிட்டது, சனங்களை அனுப்பிவிடும், அவர்கள் போய் உணவு வாங்கட்டும் என்று சீடர் சொன்னபோது, அவர்களுக்கு உணவு கொடுக்கவேண்டியவர்கள் நீங்களே என்று அவர் சொல்லிவிட்டார். தமக்கென்று ஓர் அப்பத்தை உண்டாக்க மறுத்தவர், ஐயாயிரம் பேரிடம் பொறுத்திருங்கள் என்று சொல்லவில்லை. வாங்குகளை விட்டுப் போன ஏழெட்டுக் குடும்பங்களையும் நினைத்து இதனை வாசித்தபோது, போதகரிடம் கேட்கவேண்டிய கேள்வி எனக்குத் தெளிவாயிற்று. அந்த ஆண்டில் எங்கள் சபையின் வைப்பிற் பணம் இருந்தது. மதிலுக்கு வர்ணம் பூசப்பட்டது.

இவ்வளவும் எழுதியபின் இக்கட்டுரையை நிறுத்தியிருக்கலாம். போதகரையும் மூப்பரையும் கண்டித்துவிட்டேன் என்ற நிறைவோடு உறங்கியிருக்கலாம். ஆனால் ஏசா வழியிருந்தும் விற்ற செல்வப்பிள்ளை என்று நானே கண்டுகொண்டபின், மாத முடிவிற் சம்பளம் வாங்கும் என்னையும் அந்தக் கதை தேடிவரவேண்டியதாயிற்று.

2019ஆம் ஆண்டில் நான் தொலைதூரப் பாடசாலை ஒன்றிற் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே போருக்குப் பிந்திய ஆண்டுகளிலிருந்து சம்பளமின்றிக் கற்பித்துவந்த தொண்டர் ஆசிரியை ஒருவர் இருந்தார். நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அவருடைய சேவைக்காலத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குரிய வரவேடுகள் காணாமற் போயிருந்தன. எப்படிப் போயின என்பதைப் பற்றிப் பலர் பலவாறு பேசினர். அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் பத்தாந்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தார் என்பதை நேரிற் கண்டவன் நான். அருகிலிருந்த வகுப்பறை என்னுடையது. அதிபர் என்னை அழைத்து, உமக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அவருடைய மேசையில், அவருடைய சிபாரிசுக் கையொப்பத்துக்காக, என் இடமாற்ற விண்ணப்பம் கிடந்தது. எனக்குச் சரியாக ஞாபகமில்லை, சேர், என்றேன்.

இடமாற்றம் கிடைத்தது. காலையில் ஒன்றரை மணிநேரப் பஸ் பயணம் எனக்கு மிச்சமாயிற்று. அதுவே நான் பெற்ற கூழ். அன்று எனக்குப் பசி இருக்கவில்லை. வீட்டில் அரிசி இருந்தது. வங்கியிற் சிறிது பணமும் இருந்தது. மறுத்திருந்தால் இன்னும் இரண்டு ஆண்டு அதே பஸ்ஸில் ஏறியிருப்பேன், அவ்வளவே. அந்த மாலை வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தேன். எழுந்து, விடைத்தாள்களைத் திருத்தப் போனேன். ஒன்றும் உறுத்தவில்லை. மூன்றாவது வாங்கில் ஒருத்தி தலைகுனிந்திருந்ததைக் காணும்வரை, மூன்று ஆண்டுகள் ஒன்றும் உறுத்தவில்லை.

யாக்கோபுக்கு இருபது ஆண்டுகள் சென்றன. ஊர் திரும்பும் வழியில், தமையன் நானூறு பேரோடு எதிரே வருகிறான் என்று கேட்டு நடுங்கி, இருநூறு வெள்ளாடு, இருபது கடா, இருநூறு செம்மறியாடு, பால் கொடுக்கும் முப்பது ஒட்டகங்கள், நாற்பது பசு என்று மந்தை மந்தையாக முன்னே அனுப்புகிறான். பின் ஏழுமுறை நிலத்தில் விழுந்து வணங்குகிறான். ஏசாவோ ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறான். எனக்குப் போதியது இருக்கிறது, உன்னுடையது உனக்கே இருக்கட்டும் என்கிறான். அப்போது யாக்கோபு, தன் அன்பளிப்பை ஏற்றுக்கொள்ளும்படி வற்புறுத்துகையில் ஆளும் எபிரெயச் சொல், முன்னர் அவன் வஞ்சித்துப் பெற்ற ‘ஆசீர்வாதம்’ என்பதற்கு மூலத்தில் வழங்கும் அதே சொல்லாகும். தமிழிற் படிப்போருக்கு இது எளிதிற் புலப்படுவதில்லை. வாங்கியதை அவன் திருப்பிக் கொடுக்கிறான். பெயரையும் சேர்த்துக் கொடுக்கிறான்.

2022 நவம்பரில் நான் ஒரு கடிதம் எழுதினேன். எந்த ஆண்டுகளில், எந்த வகுப்புக்கு, எந்த அறையில், வாரத்துக்கு எத்தனை பாடவேளை அவர் படிப்பித்தார் என்பதையும், முன்னர் கேட்கப்பட்டபோது நான் உண்மையை மறைத்தேன் என்பதையும் அதில் எழுதி, கையொப்பமிட்டு, ஒரு பிரதியைக் கல்விப் பணிமனைக்கும் மற்றதை அவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பணிமனையிலிருந்து மறுமொழி வரவில்லை. அவர் இரண்டு வாரத்தின்பின் தொலைபேசியில் அழைத்தார். நியமனத்துக்கான வயதெல்லை தமக்குக் கடந்துவிட்டதாகவும், இப்போது வீட்டில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுப்பதாகவும் சொன்னார். கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், சேர், என்றார். பிறகு, என் தாயாரின் சுகத்தை விசாரித்தார்.